பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கலாமா? ஊவாத் தோட்டங்கள் எழுப்பும் வினா

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை, பெற்றோருக்கும் அதில் அக்கறையில்லை" என்ற பேச்சு எம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகிறது. பதுளை நகரின் அலுவலகங்களில் மட்டுமன்றி, தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்த சிலரின் வாயிலிருந்தும் இதனைக் கேட்க முடிகிறது. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் இப்பேச்சு புத்துயிர் பெறுகின்றது. இது எவ்வளவு தூரம் உண்மை? ஒரு பிள்ளை பின்னாளில் என்ன தொழில் செய்யும், சமூகத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்பதைக் குடும்பப் பின்னணி எவ்வழியால் தீர்மானிக்கிறது? அத்தீர்மானத்தை மாற்றும் வல்லமை கல்விக்கு உண்டா? ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய விழைகின்றோம்.

சமூகவியலில் இது பழைய கேள்வி. அமெரிக்கச் சமூகவியலாளர்களான பீட்டர் பிளாவ், ஒட்டிஸ் டட்லி டங்கன் ஆகிய இருவரும், 1962 ஆம் ஆண்டு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் திரட்டப்பட்ட தகவல்களைக் கொண்டு 1967 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுகிறது. தந்தையின் தொழிலும் கல்வியும் மகனின் தொழிலைப் பாதிக்கின்றன. ஆனால் அந்தப் பாதிப்பின் பெரும்பகுதி மகன் பெறும் கல்வியின் ஊடாகவே நிகழ்கிறது என்பது அவர்களது முடிவு. அதாவது, வசதி படைத்த வீடு தன் பிள்ளைக்குத் தொழிலை நேரடியாகக் கொடுப்பதைவிட, நல்ல கல்வியைக் கொடுத்து அதன் மூலம் தொழிலை உறுதி செய்கிறது. அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது. கறுப்பின மக்கள் வெள்ளையருக்குச் சமமாகப் படித்திருந்த போதிலும், அப்படிப்புக்கு ஈடான தொழில் அவர்களுக்குக் கிட்டவில்லை. படிப்பு இருந்தும் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. எமது மலையக மக்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இவ்விரண்டாவது முடிவு மிகவும் உதவும்.

ஊவா 1886 ஆம் ஆண்டு தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய அக்காலத்தில் ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல எனப் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் யாவும் தோட்டங்களாயின. தோமஸ் லிப்டனின் தம்பேதன்னைத் தொழிற்சாலை 1890 இல் எழுந்தது. 1924 இல் புகையிரதப் பாதை பதுளையைத் தொட்டது. தேயிலை வெளியேறுவதற்கான வழிகள் இவ்வாறு ஒவ்வொன்றாகத் திறந்தன. அத்தேயிலையைப் பறித்தவர்கள் வெளியேறுவதற்கான வழி திறப்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, எட்டு இலட்சத்துக்குச் சற்று அதிகமான பதுளை மாவட்டச் சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர்.

தோட்டம் என்பது வேலைத்தலம் மட்டுமன்று. அது ஒரு முழுமையான சமூக ஒழுங்கு. உச்சியில் பெரிய துரை, அவருக்குக் கீழே சின்னத்துரை, பின்னர் கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை, அதற்கும் கீழே கங்காணி, அடியில் தொழிலாளி. பார்வைக்கு இது ஏணிபோலத் தோன்றினாலும், கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இடையில் பல படிகள் இல்லாமலே இருந்தன. உத்தியோகத்தர் பதவிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கே சென்றன. தொழிலாளியின் பிள்ளை வளர்ந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்தது. லயக் காம்பரா வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்தாலன்றி இருக்க இடமில்லை. பிள்ளையை வேலைக்கு அனுப்புவது வருமானத்துக்காக மட்டுமன்று, கூரைக்காகவும் என்ற நிலை அக்காலத்தில் இருந்தது. தந்தையின் தொழில் மகனுக்கும் தாயின் கூடை மகளுக்கும் கைமாறியதில் வியப்பில்லை.

தோட்டங்களில் பாடசாலையே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும், 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகங்கள் மீது சுமத்தின. ஆனால் அப்பொறுப்பு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு நின்றது. ஓராசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே வழக்கம். 1945 ஆம் ஆண்டு சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டு வந்தபோது நாட்டின் ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை பாதை விரிந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்தப் பாதைக்கு வெளியே நின்றன. 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் அவை விடுபட்டன. 1970களில், தோட்டங்கள் தேசியமயமான பின்னரே, குறிப்பாக 1977 தொடக்கம், அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஏனைய சமூகங்கள் முன்னேறிய முப்பது ஆண்டுகளை ஒரு சமூகம் இவ்வாறு இழந்தது.

அவ்வொழுங்கிலும் சிலர் மேலே வந்தனர். எப்படி வந்தனர் என்பதைப் பார்த்தால் குடும்பப் பின்னணியின் பங்கு தெளிவாகும். ஊவா மண் தந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934 இல் பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். அவரது தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். தந்தையிடம் தொடக்கக் கல்வியைப் பெற்ற மகன், பின்னர் தமிழகத்தின் கும்பகோணத்திலும், பதுளை புனித பீட்ஸ் கல்லூரியிலும் படித்தார். ஆசிரியராகி, பின்னர் கொழும்பில் கணக்காளரானார். 2022 இல் மறையும் வரை மலையகத்தின் மனச்சாட்சியாக எழுதினார். அவரது திறமையைக் குறைத்து மதிப்பிட இங்கு இடமில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்போடு பாடசாலை முடிந்துவிடும் ஓரிடத்தில், அதற்கப்பால் எங்கே, எப்படிப் படிக்கலாம் என்பதை அறிந்த ஒருவர் அவரது வீட்டில் இருந்தார். அதே தோட்டத்து லயங்களில் பிறந்த ஏனைய பிள்ளைகளின் வீடுகளில் அத்தகைய ஒருவர் இல்லை. திறமை எல்லா வீடுகளிலும் பிறக்கிறது. வழி தெரிந்த வீடுகளில் மட்டுமே அது வளர்கிறது.

பெற்றோருக்கு அக்கறையில்லை என்ற குற்றச்சாட்டை இனிக் கவனிப்போம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானபோது, பிரசாவுரிமை பெற்ற சிலருக்கும் அவ்வாயில் குறுகியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எந்த நாட்டில் வாழப் போகிறோம் என்பதே தெரியாத ஒரு குடும்பம் பிள்ளையை எந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும்? படித்து முடித்தாலும் போய்ச் சேர இடமில்லாத ஒரு பிள்ளையைப் பத்து ஆண்டுகள் பாடசாலைக்கு அனுப்பி, அந்தப் பத்து ஆண்டுகளின் கைக்காசையும் இழப்பதற்கு எந்தத் தகப்பன் முன்வருவான்? நாம் அக்கறையின்மை என்று பெயரிட்டது, உண்மையில் கையில் இருந்ததை வைத்துப் போடப்பட்ட ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. கணக்கைப் போட்டவர்கள் வாழ்ந்த நாட்டின் சட்டத்திலேயே பிழை இருந்தது.

இது வெறும் ஊகமன்று. வாயில் திறந்தபோது நடந்ததே இதற்குச் சான்று. பாடசாலைகள் அரசின் கீழ் வந்தன. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்களும் தளபாடங்களும் கிடைத்தன. 1988 ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலையைப் பெருமளவு நீக்கியது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியதையும் தீர்த்தது. தோட்ட இளைஞர்களுக்கு ஆசிரிய நியமனங்கள் வழங்கப்பட்டன. ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. படித்தால் 'சேர்' ஆகலாம், 'டீச்சர்' ஆகலாம் என்பதை லயத்துப் பெற்றோர் கண்ணால் கண்டனர். அதன் பின்னர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புமாறு அவர்களிடம் எவரும் மன்றாட வேண்டியிருக்கவில்லை. பதுளை சரஸ்வதி, பசறை, பண்டாரவளைத் தமிழ்ப் பாடசாலைகளில் இடம் தேடித் தோட்டத்துத் தாய்மார் அலைந்த காட்சியை அப்பகுதியினர் அறிவர். இரண்டு தலைமுறைகளாக அக்கறையற்றவர்கள் எனப்பட்டவர்கள் ஒரே தலைமுறையில் மாறியது எப்படி? அவர்கள் மாறவில்லை, கல்வியின் மறுமுனையில் ஒரு தொழில் தெரியத் தொடங்கியது.

எனினும் அந்த ஒரு வாயில் போதாது என்பதை அடுத்த தலைமுறை உணர்ந்துள்ளது. ஆசிரியத் தொழிலுக்கு அப்பால் பாதை இன்றும் மிகக் குறுகலானது. 2015 ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு வெறும் 6,000 ரூபா. உயர்தரம் சித்தியடைந்த இளைஞர் யுவதிகள் அதற்கும் போட்டியிட்டனர் என்றால், வேறு வாயில்கள் எவ்வளவு இறுக மூடியிருந்தன என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்று ஊவாத் தோட்டம் ஒன்றில் பிறக்கும் பிள்ளையின் வழியைப் பார்ப்போம். தாய் காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறாள். தந்தை கொழும்பிலோ தோட்டத்திலோ வேலை செய்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவில் படிப்பதற்கெனத் தனியிடம் கிடையாது. தோட்டத்திலுள்ள பாடசாலை அனேகமாக ஆரம்பப் பிரிவோடு, அல்லது சாதாரண தரத்தோடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க நகரத்துக்குப் போக வேண்டும். பஸ் பிரதான வீதியில்தான் வரும். அதற்குத் தேயிலைக் காட்டினூடாக நடந்து இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதற்கு இந்த நடையே பல வேளைகளில் காரணமாகிறது. நகரத்துப் பிள்ளை மாலையில் தனியார் வகுப்புக்குச் செல்லும் வேளையில் இப்பிள்ளை வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. எமது கல்வி முறை பாதிப் பாடத்தைப் பாடசாலையிலும் மீதியை வீட்டிலும் தனியார் வகுப்பிலும் கற்பிக்கும் முறையாக மாறிவிட்ட நிலையில், வீட்டால் கொடுக்க முடியாத பாதி இப்பிள்ளைக்குக் கிடைப்பதேயில்லை.

வருமானத்தின் நிலையும் இதுவே. 2019 ஆம் ஆண்டின் வீட்டலகு வருமானச் செலவின ஆய்வின்படி நகர்ப்புறங்களில் 6 சதவீதமாகவும் கிராமங்களில் 15 சதவீதமாகவும் இருந்த வறுமை, தோட்டத்துறையில் 33.8 சதவீதமாக இருந்தது. நீண்ட போராட்டத்தின் பின் 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இடையில் வந்த பொருளாதார நெருக்கடியில் ஒரு அப்பியாசக் கொப்பியின் விலை எங்கே போய் நின்றது என்பதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றினும் முக்கியமான தடை விஞ்ஞானக் கல்வியில் உள்ளது. உயர்தர விஞ்ஞானப் பிரிவை நடத்தக்கூடிய தமிழ்மொழிப் பாடசாலைகள் ஊவாவில் மிகச் சில. தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விருப்பத்தால் அன்றி, வேறு வழியின்மையால் கலைப் பிரிவுக்குச் செல்கின்றனர். பதுளை நகருக்கு அருகிலேயே 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்தது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென ஒரு பட்டப்படிப்பே உண்டு. அதில் நுழைய உயர்தர விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். கற்கை ஆங்கிலத்தில் நடைபெறும். பரம்பரையாகத் தேயிலையோடு வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை, தேயிலையைப் பற்றிப் படிக்கும் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவே தகுதியற்றதாய்ப் பாடசாலையை விட்டு வெளியேறுகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சலுகை உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பதுளையும் மொனராகலையும் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களில் அடங்குகின்றன. மாவட்டக் கோட்டாவும் அதற்கு மேலதிகமான ஒதுக்கீடும் அவற்றுக்குக் கிடைக்கின்றன. ஆனால் இம்முறை கணக்கில் எடுப்பது மாவட்டத்தை, தோட்டத்தை அன்று. ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியர்களும் உள்ள நகரப் பாடசாலையின் மாணவரும், விஞ்ஞான ஆசிரியரையே காணாத தோட்டப் பாடசாலையின் மாணவரும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். பின்தங்கிய மாவட்டத்துக்குள்ளே மேலும் பின்தங்கிய ஒரு பகுதி இருப்பது வெட்டுப்புள்ளிக்குத் தெரியாது.

இளைஞர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறத்தானே செய்கிறார்கள், அது முன்னேற்றம் இல்லையா என்று வினவுவோரும் உளர். வெளியேறுகிறார்கள், கொழும்புக் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், வீட்டு வேலைக்கும், மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததில் அவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண தரத்தோடு நகரத்துக்குச் சென்ற மகன் பத்து ஆண்டுகளின் பின்னும் அதே கடையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தால், அவன் இடம் மாறியிருக்கிறானே தவிர நிலை உயரவில்லை. ஊர் மாறுவதைச் சமூக உயர்ச்சி என்று எண்ணி நாம் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

எமது பக்கத்துக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. ஆசிரிய நியமனங்கள் சில வேளைகளில் தகுதிக்கன்றி அரசியல் விசுவாசத்துக்கு வழங்கப்பட்டன என்ற முறைப்பாடு நெடுநாளையது. தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்று, நிரந்தரமானதும் நகரத்துக்கு இடமாற்றம் தேடும் ஆசிரியர்களுள் அத்தோட்டங்களிலேயே பிறந்தவர்களும் உளர். மதுவுக்குச் செலவாகும் பணம் எத்தனை பிள்ளைகளின் படிப்பை விழுங்குகிறது என்பதை ஒவ்வொரு தோட்டமும் அறியும். ஆனால் இக்குறைகள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. வசதியுள்ள வீட்டில் தகப்பனின் குறையைப் பிள்ளை தாண்டிவிட முடிகிறது. லயத்தில் அது பிள்ளையின் வாழ்வையே முடித்துவிடுகிறது. வேறுபாடு அங்கேதான்.

செய்ய வேண்டியவை பெரும் இரகசியங்கள் அல்ல. ஊவாவின் ஒவ்வொரு தோட்டக் கொத்தணிக்கும் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையேனும் விடுதி வசதியுடன் வேண்டும். அங்கு வரும் ஆசிரியர்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் தங்கிக் கற்பிக்கும் வகையில் ஊக்குவிப்பும் கட்டுப்பாடும் இருத்தல் வேண்டும். காலை மாலை பாடசாலை பஸ் சேவை தோட்டத்துக்குள் வர வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் ஆரம்ப வகுப்பிலிருந்தே உருப்படியாகக் கற்பிக்கப்பட வேண்டும். இன்றேல் பட்டம் பெற்றவரும் நேர்முகப் பரீட்சையின் வாசலில் நின்றுவிடுவார். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டத்தோடு பாடசாலையின் நிலையையும் கணக்கில் எடுக்கும் வழியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆராய வேண்டும். பிராந்தியக் கம்பெனிகளும், தொழிலாளரின் பிள்ளைகள் பயிற்சி பெற்று உத்தியோகத்தராகும் பாதையை எழுத்தில் வகுக்க வேண்டும்.

வீட்டுப் பிரச்சினையையும் கல்விப் பிரச்சினையாகவே நோக்க வேண்டும். காணி உறுதி இல்லாத குடும்பத்துக்கு வங்கிக் கடன் இல்லை. தோட்ட அலுவலகத்தின் ஊடாகக் கடிதம் வந்து சேரும் லயத்தில், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்த கதைகள் எத்தனையோ. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் சுமார் இரண்டாயிரம் குடும்பங்களுக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. பத்திரம் வீடாகும் வரை அதனைப் பின்தொடர்வது எம் அனைவரினதும் கடமை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை விழுங்கியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்ததையும் நாம் பார்த்தோம். நிலைத்த கூரையற்ற வீட்டிலிருந்து நிலைத்த கல்வி வருவதில்லை.

2023 இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறு ஆண்டுகள் நினைவுகூரப்பட்டன. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். மலையகப் பெண்கள் அச்சபைக்குத் தெரிவான முதல் தேர்தல் அது. இத்தகைய வெற்றிகள் மகிழ்ச்சிக்குரியன. ஆனால் ஒரு சமூகத்தின் உயர்ச்சியை அதில் உயர்ந்த சிலரைக் கொண்டு அளக்க முடியாது. சாதாரண திறமையும் சாதாரண உழைப்பும் உள்ள ஒரு பிள்ளை எந்த உயரத்தை எட்ட முடிகிறது என்பதே சரியான அளவுகோல். கொழும்பில் பிறந்த சாதாரணப் பிள்ளை எழுதுவினைஞராகவோ தாதியாகவோ தொழில்நுட்பவியலாளராகவோ ஆகிவிடுகிறது. மடுல்சீமையில் பிறந்த பிள்ளை அதே இடத்தை எட்டுவதற்கு மட்டும் மேதையாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலை இருக்கும் வரை, தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அக்கறை காட்ட வேண்டிய முறை இப்போது ஏனையோருடையது.